ஐஸுக்கு நடுவே உறையாத ரத்தம்

கடலூர் சோனாங்குப்பத்திலிருந்து பிளஸ் ஒன் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "சார், எங்க போட்ல பிடிக்கிற மீனை ஐஸ் பெட்டியில போட்டா கொஞ்ச நேரத்துல விறைச்சுப் போயிடுது. அண்டார்டிகாவுல கடலே ஐஸா கிடக்கு. அங்க மீன் எப்படி சார் உயிரோட நீந்துது?"

துறைமுகத்தில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். பதில் சொல்வதற்கு முன்னால் ஐஸ் பெட்டியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பெட்டிக்குள் இருக்கும் உடைத்த ஐஸின் வெப்பநிலை ஏறத்தாழ 0 டிகிரி. அந்தக் குளிரில் மீன் உறையாது. மீனின் உடல் நீரில் உப்பு இருப்பதால், உறைவதற்கு இன்னும் கீழே போக வேண்டும். கையில் எடுத்தால் கட்டைபோல் நிற்பதற்குக் காரணம், செத்த பிறகு தசைகள் இறுகிக்கொள்வதுதான். பழைய முதுநகர் துறைமுகத்தில் ஏலம் எடுக்கிறவர்கள் விறைப்பை அழுத்திப் பார்த்தே மீன் எப்போது பிடிபட்டது என்று கணக்குப் போடுவதும் இதை வைத்துத்தான். மீன் உண்மையிலேயே உறைவது ஃப்ரீசரில். அப்படி உறைந்த மீனை வெளியே எடுத்து வைத்தால் தண்ணீர் கசியும், சதை நைந்துபோகும். உள்ளே வளர்ந்த பனிப்படிகங்கள் செல்களைக் குத்திக் கிழித்ததன் விளைவு அது. செத்த மீனுக்கு ருசி மட்டும்தான் போகிறது. உயிருள்ள மீனுக்குள் அதே படிகம் வளர்ந்தால் உயிர் போய்விடும்.

சரி, இப்போது எண்களுக்கு வருவோம். நம் வங்கக்கடலின் மேல்நீர் பெரும்பாலும் 28 டிகிரியை ஒட்டியே இருக்கும். அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடல்நீர் பல இடங்களில் ஆண்டு முழுவதும் −1.9 டிகிரி. கடல்நீர் உறையும் புள்ளியும் அதுவே. ஆனால் சாதாரண எலும்பு மீன்களின் ரத்தத்தில் உப்பு குறைவு, கடல்நீரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதனால் அவற்றின் ரத்தம் −0.7 டிகிரியை ஒட்டியே உறையத் தொடங்கிவிட வேண்டும். கடல் திரவமாக இருக்கும்போதே அதற்குள் நீந்தும் மீன் கட்டியாகிவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. மீனுக்கு வெதுவெதுப்பான உடலும் கிடையாது. நீரின் வெப்பநிலை எதுவோ அதுவே அதன் வெப்பநிலை.

இந்தப் புதிருக்கு முதல் பாதி விடை வடதுருவப் பக்கத்திலிருந்து வந்தது. 1950-களில் ஷொலாண்டர் என்ற உடலியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் கனடாவின் லாப்ரடார் கரையில் ஒரு ஆழமான கடல் இடுக்கில் மீன் பிடித்தார்கள். அடியில் வாழ்ந்த மீன்கள், ரத்தத்தின் உறைபுள்ளிக்குக் கீழே போன நீரில் நிம்மதியாக உயிர்வாழ்ந்தன. நீர் உறைவதற்குக் குளிர் மட்டும் போதாது, தொடங்கிவைக்க ஒரு விதைப் படிகமும் வேண்டும். கடலடியில் ஐஸ் இல்லை, எனவே விதையும் இல்லை. அந்த மீன்களை மேலே கொண்டுவந்து ஒரு துண்டு ஐஸைத் தொடவைத்ததும் உறைந்து செத்துப்போயின.

அண்டார்டிகாவில் இந்தத் தப்பிக்கும் வழி இல்லை. மெக்மர்டோ குடாவில் மேலே மிதக்கும் பனித்தட்டு போக, ஆழம் குறைந்த இடங்களில் கடலடித் தரையிலேயே ஐஸ் செடிபோல் முளைத்துக் கிடக்கிறது. மீன்கள் அதன்மேல் உட்கார்ந்து ஓய்வெடுக்கின்றன, அதற்குள் ஒளிந்துகொள்கின்றன. குடிக்கும் நீரோடு நுண்ணிய பனிப்படிகங்களையும் விழுங்குகின்றன.

1960-களின் தொடக்கத்தில் ஆர்தர் டெவ்ரீஸ் என்ற அமெரிக்க ஆய்வு மாணவர் மெக்மர்டோவில் தங்கி இந்த மீன்களின் ரத்தத்தைச் சோதித்தார். உப்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஆனால் அந்த உப்பைக் கொண்டு உறையாமையில் பாதியைத்தான் விளக்க முடிந்தது. ரத்தத்திலிருந்து உப்பையெல்லாம் வடிகட்டி எடுத்துவிட்டுப் பார்த்தபோது, மிச்சமிருந்த புரதமும் உறைவதைத் தடுத்தது. சர்க்கரை ஒட்டிய ஒரு புரதம் அது. 1969-இல் இந்த முடிவுகள் வெளிவந்தன. ரத்தத்தின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்கு அந்தப் புரதம் இருக்கிறது.

இதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அவசரப்படாமல் சொல்கிறேன்.

நீரில் எதைக் கரைத்தாலும் அதன் உறைபுள்ளி இறங்கும். குல்ஃபி விற்பவர் பானையில் ஐஸோடு கல்லுப்பைச் சேர்ப்பது இந்த விதியை நம்பித்தான். எவ்வளவு இறங்கும் என்பது, கரைந்த துகள்கள் எத்தனை என்பதை மட்டுமே பொறுத்தது. டெவ்ரீஸின் புரதம் பெரிய மூலக்கூறு. மூன்று பங்கு எடை இருந்தாலும் துகள்களின் எண்ணிக்கை சொற்பம். அந்த எண்ணிக்கைக்குக் கிடைக்க வேண்டிய பலனைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகமாக அது வேலை செய்கிறது. இன்னொரு விசித்திரமும் உண்டு. உப்புநீரில் உறைபுள்ளியும் உருகுபுள்ளியும் ஒன்றாகவே இறங்கும். இந்தப் புரதம் கலந்த நீரிலோ உறைபுள்ளி மட்டும் இறங்குகிறது, உருகுபுள்ளி கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. நடுவில் ஒரு இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளிக்குள் நுண்ணோக்கியில் ஒரு பனிப்படிகத்தை வைத்துப் பார்த்தால், அது வளர்வதும் இல்லை, கரைவதும் இல்லை. சும்மா நிற்கிறது.

அப்படியானால் புரதம் நீரை மாற்றவில்லை, ஐஸின் மேல் ஏதோ செய்கிறது என்று பொருள். 1977-இல் ரேமண்டும் டெவ்ரீஸும் சொன்ன விளக்கம் இன்றும் அடிப்படையாக நிற்கிறது. மீனுக்குள் ஒரு குட்டிப் படிகம் நுழைந்ததும் புரத மூலக்கூறுகள் ஓடிப்போய் அதன் மேற்பரப்பில் ஆங்காங்கே ஒட்டிக்கொள்கின்றன. முழுவதையும் மூடுவதில்லை, இடைவெளி விட்டே ஒட்டுகின்றன. ஒட்டிய இடத்தில் ஐஸ் வளர முடியாது. இடைவெளிகளில் வளரலாம். ஆனால் அங்கே வளரும் ஐஸ் தட்டையாக வளர முடியாமல் மேல்நோக்கிப் புடைக்கிறது. கல்யாணப் பந்தலில் துணியை வரிசையாகக் கம்புகளில் கட்டியிருக்கும்போது, கீழிருந்து காற்று அடித்தால் கட்டிய இடம் கட்டியபடியே இருக்க, நடுநடுவே துணி உப்புமே, அதே வடிவம். புரதம்தான் கட்டிய இடம், ஐஸின் முகம்தான் துணி, உறையவைக்கத் துடிக்கும் குளிர்தான் காற்று.

புடைத்த ஐஸுக்கு என்ன பிரச்சினை? தட்டையான ஐஸ் பரப்பில் ஒட்டும் நீர் மூலக்கூற்றைப் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் போதுமான மூலக்கூறுகள் இருக்கின்றன. வளைந்த பரப்பின் உச்சியில் அண்டைவீட்டார் குறைவு, பிடிமானம் தளர்வு. ஒட்டிய வேகத்திலேயே மூலக்கூறு கழன்று நீருக்குத் திரும்பிவிடுகிறது. வளைவு கூடக்கூட இன்னும் அதிகக் குளிர் இருந்தால்தான் ஐஸ் மேலே வளர முடியும். கடல்நீர் −1.9 டிகிரிக்குக் கீழே போகப் போவதில்லை. மீனின் ரத்தமோ −2 டிகிரியைத் தாண்டினாலும் தாங்கும். அந்தச் சிறு வித்தியாசம்தான் மீனின் உயிர். நுழைந்த படிகங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவிலேயே நின்றுபோகின்றன. மீன் ஐஸை விரட்டவில்லை, வளரவிடாமல் உடம்புக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது.

புரதத்தின் அமைப்பும் ஆச்சரியமானது. நம் உடம்பில் உள்ள பெரும்பாலான புரதங்கள் இருபது வகை அமினோ அமிலங்களைக் கலந்து கட்டியவை. இதில் முக்கியமாக இரண்டே வகை. திரியோனைன், அலனைன், அலனைன் என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. சிறிய மூலக்கூறுகளில் நான்கு முறை, பெரியவற்றில் ஐம்பது முறை வரை. ஒவ்வொரு திரியோனைனிலும் இரண்டு சர்க்கரை அலகுகள் தொங்குகின்றன.

இவ்வளவு எளிய சங்கிலி எங்கிருந்து வந்தது? 1997-இல் செங், டெவ்ரீஸ் உள்ளிட்டோர் மரபணுவைப் படித்துக் கண்டுபிடித்தார்கள். அதன் முன்னோர், கணையத்தில் சுரக்கும் ட்ரிப்சின் என்ற செரிமான நொதியின் மரபணு. அந்த மரபணுவின் ஓரிடத்தில், அந்த மூன்று அமினோ அமிலங்களைக் குறிக்கும் ஒன்பது டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட துண்டு, பிரதி எடுக்கும்போது நேர்ந்த பிழையால் திரும்பத் திரும்ப நகலாகி நீண்டிருக்கிறது. மரபணுவின் முன்பகுதியும் பின்பகுதியும் இன்றும் ட்ரிப்சினின் சாயலிலேயே இருக்கின்றன. மாற்றங்களை எண்ணிப் பார்த்தால், இது நடந்து 50 லட்சம் முதல் 1.4 கோடி ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்று வருகிறது. தென்கடல் உறையத் தொடங்கிய காலத்தோடு இது பொருந்துகிறது.

2006-இல் இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. அதுவரை இந்தப் புரதம் கல்லீரலில் உருவாகிறது என்றே நினைத்திருந்தார்கள். சோதித்துப் பார்த்தால், இது உருவாவது கணையத்தில்! முன்னோரான நொதி சுரந்த அதே இடம், அது போய்ச்சேர்ந்த அதே குடல். விழுங்கிய நீரோடு ஐஸ் உள்ளே வரும் வாசலும் குடல்தானே. பழைய நொதி போய்க்கொண்டிருந்த பாதையிலேயே புதிய புரதமும் போய் வாசலில் காவல் நிற்கிறது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

வடதுருவத்துக் காட் மீனிலும் கிட்டத்தட்ட இதே மூன்றெழுத்துப் புரதம் இருக்கிறது. இரண்டுக்கும் உறவே இல்லை. காட் மீனின் மரபணு ட்ரிப்சினிலிருந்து வரவில்லை, எந்தப் புரதத்துக்கும் குறிப்பு எழுதாமல் கிடந்த டிஎன்ஏ பகுதியிலிருந்து முளைத்திருக்கிறது. இரண்டு துருவங்கள், இரண்டு பாதைகள், ஒரே விடை. இப்படியெல்லாம் தற்செயலாக அமையுமா, முன்கூட்டியே யாரோ வகுத்த திட்டம்தானே என்று சிலர் கேட்பதுண்டு. நகல் பிழைகளின் தழும்புகள் அந்த மரபணுவிலேயே வரிசையாகத் தெரிகின்றன. படித்துப் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்பதுதான் என் பதில்.

புதுச்சேரியில் ஒரு பள்ளியில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பெற்றோர் எழுந்து, "இதனால நமக்கு என்னங்க?" என்று கேட்டார். ஐஸ்கிரீமில் படிகம் கரகரவென்று வளராமல் இருக்க, மீன் புரதம் ஒன்றை ஈஸ்ட்டில் தயாரித்துச் சேர்க்கிறார்கள். உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு எடுத்த உறுப்புகளைக் குளிரில் பாதுகாக்க உதவுமா என்றும் ஆராய்கிறார்கள். ஆனால் மெக்மர்டோவில் பனித்தட்டைத் துளைத்துத் தூண்டில் போட்ட மாணவர் ஐஸ்கிரீமுக்காகப் போகவில்லை. மீன் ஏன் சாகவில்லை என்று தெரிந்துகொள்ளப் போனார். அந்த ஆவலுக்குப் பணம் கொடுக்கும் நாட்டில்தான் அப்புறம் பயனும் பிறக்கிறது. எனக்குத் தெரிந்த ஆய்வு மாணவர்கள் பலர் உதவித்தொகைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள், எனக்கு அதில் கோபம் உண்டு. இந்தியாவுக்கு அண்டார்டிகாவில் மைத்ரி, பாரதி என்று இரண்டு நிலையங்கள் இருக்கின்றன. 2012 முதல் இயங்கும் பாரதி கடலை ஒட்டியே இருக்கிறது. நம் கடலூர் மாவட்டத்திலோ பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவாரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே மீன் படிக்கும் மாணவர்கள் இன்னும் நிறையப் பேர் போய்வர வேண்டும் என்பது என் ஆசை.

ஆசைக்கு ஒரு அவசரமும் இருக்கிறது. குளிருக்காகவே அமைந்துபோன இந்த உடலுக்கு வெப்பம் தாங்காது. வெப்பம் கூடினால் பெரும்பாலான உயிர்கள் சில காப்புப் புரதங்களைக் கூடுதலாகச் சுரந்து சமாளிக்கும். ட்ரெமாட்டோமஸ் என்ற அண்டார்டிக் மீன் அந்தத் திறனை இழந்துவிட்டது. நீர் 6 டிகிரியை ஒட்டினாலே செத்துவிடுகிறது. இன்னொரு சிக்கல் 2014-இல் தெரியவந்தது. உடம்புக்குள் இருக்கும் நுண்ணிய ஐஸ், கோடையில் நீர் சற்று வெதுவெதுப்பானாலும் சீக்கிரம் கரைவதில்லை. வளர்வதைத் தடுக்கும் அதே புரதம் உருகுவதையும் தடுக்கிறது.

அங்கே எவ்வளவு மீன் இருக்கிறது என்பதே இப்போதுதான் தெரியவருகிறது. 2021 பிப்ரவரியில் போலார்ஷ்டெர்ன் என்ற ஜெர்மானிய ஆய்வுக்கப்பல், வெட்டல் கடலின் அடியில் கேமராவை இழுத்துக்கொண்டு போனபோது, திரையில் வட்ட வட்டமாகக் குழிகள் வந்துகொண்டே இருந்தன. ரத்தத்தில் ஹீமோகுளோபினே இல்லாத, சிவப்பே இல்லாத ரத்தம் ஓடும் ஒரு மீனினத்தின் கூடுகள் அவை. சரளைக்கல் பரப்பிய பல குழிகளில் முட்டைகள் கிடந்தன, பெரிய மீன் காவல் இருந்தது. சுமார் 240 சதுர கிலோமீட்டரில் 6 கோடி கூடுகள் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். வெட்டல் கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கும் முன்மொழிவுக்கு இந்தியாவும் 2021-இல் துணை நின்றது. அண்டார்டிக் கடல்வளத்துக்கான சர்வதேச ஆணையத்தில் உறுப்பு நாடுகள் எல்லாமே ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நிறைவேறும். ஒரு நாடு மறுத்தாலும் அந்த ஆண்டு அவ்வளவுதான், பேச்சு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும்.