மயக்க மருந்து இன்னும் தெளியவில்லையா?

"டாக்டர், அப்பாவுக்கு மயக்க மருந்து இன்னும் தெளியலை போல. நேத்து நல்லாத்தான் பேசினார், இன்னைக்கு என்னையே யாருன்னு கேட்கிறார்." இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்த முதியவர்களின் வீட்டார் அடிக்கடி சொல்வது இது. மயக்க மருந்து கொடுப்பது என் வேலை என்பதால் பழி நேராக என் தலையில்தான் விழும்.

ஆனால் இப்போது பயன்படுத்தும் மயக்க மருந்துகளின் வேகம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். நேற்றுத் தெளிவாகப் பேசியவர் இன்று இப்படித் திடீரென்று குழம்புவதை டெலிரியம் என்கிறோம். அதற்கு வேறு காரணம் தேட வேண்டும். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தால் இந்தத் தொல்லை வராது என்றும் பலர் நம்புகிறார்கள். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களிடம் முழு மயக்கம், முதுகு ஊசி என்ற இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ராகா, ரீகெய்ன் ஆய்வுகள் 2021-22இல் வெளிவந்தன. டெலிரியம் வருவதில் சொல்லும்படியான வித்தியாசம் எதிலும் தெரியவில்லை.

சரி, பிறகு எங்கிருந்து வருகிறது? காயத்துக்கு உடல் காட்டும் எதிர்வினையான அழற்சிக்குப் பெரும் பங்கு உண்டு என்பதுதான் இன்றைய புரிதல். உடைந்த எலும்பிலும் வெட்டுப்பட்ட சதையிலும் சிதைந்த செல்களின் துணுக்குகள் ரத்தத்தில் கலக்கின்றன. அவற்றைக் கண்டதும் நோய் எதிர்ப்புச் செல்கள் இன்டர்லூகின்-6 போன்ற, அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன. ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். குழப்பம் தலைகாட்டுவதும் பெரும்பாலும் அந்த நாள்களில்தான். காயம் ஆறுவதற்கு இந்த அழற்சி வேண்டும். ஆனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு வயதானால் தளர்ந்துவிடுகிறது. மூளையின் காவலர்களான மைக்ரோகிளியா செல்களும், முக்கியமாக மறதி நோய் தொடங்கியவர்களிடம், நீறு பூத்த நெருப்பாக இருக்கின்றன. உடலில் எழும் அழற்சி அதை ஊதிவிட்டால் முதலில் குலைவது கவனம்.

அப்படியானால் ஸ்டீராய்டு கொடுத்து அழற்சியை அடக்கலாமே என்று கேட்கலாம். இதய அறுவை சிகிச்சையில் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள், டெலிரியம் குறையவில்லை. எனவே நாங்கள் செய்வது, ஏற்கெனவே தடுமாறும் மூளைக்கு மேலும் சுமை ஏற்றுவது எது என்று தேடுவதுதான். கட்டிலை விட்டு இறங்கப் பார்த்து, போர்வையைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்குத் தூக்க ஊசி போடச் சொல்லி வற்புறுத்தினார்கள். அடிவயிற்றைத் தொட்டால் கல் மாதிரி இருந்தது. சிறுநீர்க் குழாய் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. நிமிர்த்தியதும் பை மளமளவென்று நிரம்பியது. மாலைக்குள் ஆளும் அடங்கினார். எல்லாருக்கும் இவ்வளவு சுலபமாக விடை கிடைக்காது. சளிக்காய்ச்சல், ஆக்சிஜன் குறைவு, சோடியம் குறைவு, மலச்சிக்கல், அடக்கப்படாத வலி என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். டயசெபாம், லோராசெபாம் போன்ற தூக்க மருந்துகளும், அரிப்புக்குக் கொடுக்கும் பழைய அலர்ஜி மருந்துகளும் நிலைமையை மோசமாக்கலாம். குடிப்பழக்கம் திடீரென நின்றதால் வரும் குழப்பத்துக்கு மட்டும் வைத்தியம் வேறு. அதனால் குடிப்பதை மறைக்காமல் முன்பே சொல்லிவிடுங்கள்.

கத்துகிறவரை எல்லாரும் கவனிப்பார்கள். எனக்குப் பயம் சத்தமில்லாமல் படுத்திருப்பவர்களைப் பற்றித்தான். "அம்மா தொந்தரவே பண்ணலை, நல்லா தூங்குறாங்க" என்று சொல்லும்போது போய்ப் பார்த்தால், கேள்வி கேட்டு வெகுநேரம் கழித்து ஒற்றைச் சொல்லில் பதில் வரும். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வேன். சனி, வெள்ளி, வியாழன்... அதோடு கண் சொருகிவிடும். இதுவும் டெலிரியம்தான். காலையில் தெளிவும் மாலையில் குழப்பமுமாக மாறி மாறி வருவதால், ஐந்து நிமிடம் வந்து போகும் மருத்துவர் கண்ணில் படாமலே போகலாம். "இவர் இப்படி இருக்கிற ஆள் இல்லை" என்று உங்களுக்குத் தோன்றினால் உடனே சொல்லுங்கள்.

கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட் மூன்றையும் பத்திரமாக வைக்கிறோம் என்று வீட்டுக்கு எடுத்துப் போய்விடாதீர்கள். அறுவை முடிந்து கண் விழித்ததும் அவை வேண்டும். மருத்துவர் அனுமதித்தவுடன் உட்கார வைத்து, நடக்க விடுங்கள். பகலில் பேச்சுத் துணையும் வெளிச்சமும், இரவில் விளக்கணைத்த தூக்கமும் கிடைக்கட்டும். பொய்யான உருவங்களைப் பார்த்துப் பேசினால் வாதாட வேண்டாம். எங்கே இருக்கிறோம், யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று நிதானமாகச் சொன்னால் போதும். பெரும்பாலோர் சில நாள்களில் தெளிகிறார்கள், சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். வீடு திரும்பிய பிறகும் மறதி நீடித்தால், வயசாச்சு என்று விட்டுவிடாமல் சில மாதங்கள் கழித்து நினைவாற்றலைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.