தோண்டாமலே பாறையைக் கண்டுபிடிப்பது எப்படி?

சென்னை மணலியில் எரியும் தீயைப் பார்த்து, அடியில் எண்ணெய்க் கிணறு இருப்பதாக நினைப்பவர்கள் உண்டு. அதெல்லாம் இல்லை. அங்கே இருப்பது சுத்திகரிப்பு ஆலை. கப்பலில் வரும் கச்சா எண்ணெய் துறைமுகத்திலிருந்து குழாய் வழியாக அங்கே போகிறது. எண்ணெயைத் தேடுவது வேறு கதை. அதில் சுவாரசியமானது, இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பது எந்தப் பாறை என்று தோண்டாமலே கணிப்பது.

அடிப்படையைக் காசிமேட்டு விசைப்படகுக்காரர்களிடமே கேட்கலாம். ஒலியை அனுப்பி ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டரில் எதிரொலி பலமாக வந்தால் அடியில் 'பார்', அதாவது பாறைத் தரை. மங்கலாக வந்தால் சேறு. நில அதிர்வு ஆய்விலும் இதேதான். தரையை அதிரவைக்கும் லாரிகளோ, கடலில் அமுக்கிய காற்றைப் பீய்ச்சும் ஏர்கன்களோ அலையை அனுப்பும். நிலத்தில் ஜியோபோன்களும் கடலில் ஹைட்ரோபோன்களும் திரும்பி வருவதைப் பதிவு செய்யும். பாறையின் அடர்த்தியை, அதில் அலை ஓடும் வேகத்தால் பெருக்கினால் வருவது ஒலித்தடை. அந்த எண் மாறும் எல்லையில்தான் எதிரொலி பிறக்கிறது.

சிக்கலும் இங்கேதான். ஷேல் எனப்படும் களிப்பாறைக்கும் மணற்பாறைக்கும் பல இடங்களில் ஒலித்தடை ஒன்றாகவே இருக்கும். 12 என்று மட்டும் சொன்னால், அது 3×4-ஆ, 2×6-ஆ?

அதனால் அலை சாய்வாகப் போய்வரும்போது எதிரொலி எப்படி மாறுகிறது என்றும் பார்க்கிறார்கள். அந்த மாற்றத்தில் குறுக்கலை வேகத்தின் தடயம் இருக்கிறது. நெட்டலை பாறையை அமுக்கி விரிக்கும். குறுக்கலை பக்கவாட்டில் அசைக்கும், திரவத்துக்குள்ளும் வாயுவுக்குள்ளும் அது ஓடாது. ஆகவே பாறைத் துளைகளில் நீருக்குப் பதில் வாயு இருந்தால் நெட்டலை வேகம் நன்றாகக் குறையும், குறுக்கலை வேகம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். நெட்டலை வேகத்தைக் குறுக்கலை வேகத்தால் வகுத்தால், பொதுவாகக் களிப்பாறையில் 2-ஐ ஒட்டி வரும்; வாயு உள்ள மணற்பாறையில் 1.6-ஐ ஒட்டி இறங்கிவிடும்.

அப்புறம் கிணறு. காவிரிப் படுகை போல ஏற்கெனவே துளையிட்ட இடங்களில், கிணற்றுக்குள் கருவி இறக்கி வேகம், அடர்த்தி, பாறை தானாகவே வெளியிடும் காமா கதிர் எல்லாம் அளந்திருப்பார்கள். களிப்பாறையில் பொட்டாசியம் அதிகம் என்பதால் காமாவும் கூடுதலாக இருக்கும். அதைப் பாடமாக எடுத்துக்கொண்டு, கிணறு இல்லாத இடத்தில் 'மணற்பாறைக்கு 70 சதவீத வாய்ப்பு' என்கிற மாதிரி கணினி வரைபடம் போடும். என்னைக் கேட்டால், அந்தச் சதவீதத்தை விட்டுவிட்டு வண்ணப் படத்தை மட்டும் காட்டுவது ஆபத்து.

ஏனென்றால் வாயு பொல்லாதது. துளைகளில் சில சதவீதம் இருந்தாலே நெட்டலை வேகம் சரிந்துவிடும். நிறைய வாயுவும் கொஞ்சூண்டு வாயுவும் திரையில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் பளிச்சிடும். அதை நம்பித் துளையிட்டு, விற்கத் தேறாத வாயுவோடு மூடிய கிணறுகள் உண்டு.