நீர் நிற்கும் வயலில் களை ஏறாது

கடைமடைக்குத் தண்ணீர் வந்து நடவு முடிந்ததும், அடுத்த சில வாரம் விவசாயியின் கண் வயலை விட்டு அகலாது. இரண்டு விரல்கடை தண்ணீர் நின்றால் களை விதை பெரும்பாலும் முளைக்காது. முறைத் தண்ணீர் தள்ளிப்போய் மண் வெடித்தால், கோரையும் குதிரைவாலியும் பயிரை முந்திக்கொண்டு எழும்பும்.

பெண்ணின் யோனிக்குள்ளும் இதேபோல ஒரு வயல் இருக்கிறது. அங்கே நிற்கும் தண்ணீர், அமிலம். பயிர், லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாக்கள். நம் வீட்டுத் தயிரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாவுக்கு இவை பங்காளி. ஆனால் ரகம் வேறு. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சுரக்கும் வயதில் யோனிச் சுவரின் செல்களில் கிளைகோஜன் என்ற மாவுப்பொருள் சேர்கிறது. அது சிதைந்து வரும் சர்க்கரையைத் தின்று இவை லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. அதனால் அங்கே பி.எச். அளவு (இது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5-க்குக் கீழே நிற்கிறது. பெரும்பாலான கிருமிகளுக்கு அந்தப் புளிப்பு ஒத்துக்கொள்ளாது. 1892-லேயே டோடர்லைன் என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்த பாக்டீரியாக்களைப் பற்றி எழுதிவிட்டார்.

எல்லா ரகமும் ஒரே மாதிரிக் காவல் காப்பதில்லை. கிரிஸ்பேட்டஸ் என்ற இனம் நிறைந்திருந்தால் வயல் உறுதி. ஐனெர்ஸ் என்ற இனம் அப்படியல்ல. நிலைமை மாறினால் களைக்கும் இடம் விட்டுவிடும். 2011-இல் அமெரிக்காவில் 396 பெண்களிடம் நடந்த ஆய்வில் ஐந்து வகை வயல்கள் தெரிந்தன. நான்கில் ஏதாவது ஒரு லாக்டோபேசில்லஸ் கோலோச்சியது. ஐந்தாவதில் பல கிருமிகள் கலந்து கிடந்தன.

அந்தக் கலப்பு வயலில்தான் கார்ட்னெரெல்லா, பிரிவோடெல்லா போன்றவை பெருகுகின்றன. வயல் நண்டு வரப்பில் வளை போட்டால் தண்ணீர் கசியுமே, அந்த வேலையை இவை செய்கின்றன. சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தை அறுக்கும் நொதிகள் இவற்றிடம் உண்டு. சாம்பல் நிறத்தில் வெள்ளைப்பட்டு மீன் கவிச்சி அடித்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். 'உடம்புச் சூடு' என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருப்பதால் இது தீராது. வாடையோ அரிப்போ இல்லாத சாதாரண வெள்ளைப்படுதல் நோயல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்குப் பயந்து மனம் ஒடிந்துபோகிற பெண்களும் இருக்கிறார்கள்.

இனி எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்). இந்த வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு 16, 18 என்ற இரண்டு வகைகளே காரணம். கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் வழியாக உள்ளே போய், கர்ப்பப்பை வாயின் அடியடுக்குச் செல்களில் தங்குகிறது. கட்டுப்பாடற்ற செல் பெருக்கத்தைத் தடுக்கும் பி53 என்ற நம் உடம்பின் புரதத்தை வைரஸின் இ6 புரதம் அழிக்கிறது. ஆனாலும் தொற்று வந்த பெண்களில் மிகப் பெரும்பாலானோருக்கு உடம்பே இரண்டு வருஷத்துக்குள் அதை அடக்கிவிடும். அடங்காமல் வருஷக்கணக்கில் தங்கும் தொற்றுதான் ஆபத்து.

எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு இங்கேதான் இரட்டை அடி. எச்.பி.வி.யை விரட்டும் படையைத் திரட்டுவது சி.டி.4 என்ற வெள்ளையணுக்கள், எச்.ஐ.வி. கொல்வது அவற்றைத்தான். கூடவே, இந்தப் பெண்களிடம் கலப்பு வயலும் அதிகம் காணப்படுகிறது. கலப்பு வயலில் அழற்சி நீடிக்கும், எச்.பி.வி.யும் எளிதில் போவதில்லை. விளைவு: இவர்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைப் போல ஆறு மடங்கு. பொதுவாக 15 முதல் 20 வருஷம் எடுக்கும் நோய், எதிர்ப்பாற்றல் குன்றிய உடம்பில் 5 முதல் 10 வருஷத்திலேயே முற்றிவிடலாம்.

களை வந்ததால் வைரஸ் தங்கியதா, வைரஸ் தங்கியதால் களை வந்ததா? இரண்டு பக்கமும் இழுக்கிறது என்றே எனக்குப் படுகிறது. லாக்டோபேசில்லஸுக்கு உணவாகும் சில புரதங்களின் சுரப்பை எச்.பி.வி. குறைப்பதாகவும் ஆய்வு வந்திருக்கிறது. அப்படியானால் களையெடுப்பது மட்டும் போதாது.

மருந்து கொடுத்துக் கலப்பு வயலின் கிருமிகளை அழித்தாலும் பலருக்குச் சில மாதத்தில் திரும்பி வருவது அதனால்தானோ என்னவோ. களையெடுத்த கையோடு நாற்று நட்டுப் பார்த்தார்கள் அமெரிக்காவில். முதலில் ஆன்டிபயாடிக், அப்புறம் கிரிஸ்பேட்டஸ் பாக்டீரியாவை உள்ளே வைப்பது. 2020-இல் வந்த முடிவில், 12 வாரத்துக்குள் நோய் திரும்பியது 30 சதவீதம் பேருக்கு. ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு வெறும் போலி மருந்து வைத்தவர்களில் 45 சதவீதம். நல்ல தொடக்கம், அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு யாரும் தயிரை உள்ளே வைத்துப் பார்க்க வேண்டாம். முன்பே சொன்னதுபோல அது வேறு ரகம். சோப்பு, கிருமிநாசினி ஊற்றி உட்புறம் கழுவுவதும் கூடாது. நிற்கிற தண்ணீரை நாமே வடித்துவிடுவதுபோல ஆகிவிடும்.

தஞ்சாவூரோ திருவாரூரோ நாகப்பட்டினமோ, நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததும் அதைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையைத் தாமதிக்காமல் தொடங்கினால் சி.டி.4 மேலேறும், எச்.பி.வி.யை அடக்கும் பலமும் கூடும். ஆனால் மாத்திரை சாப்பிடுகிறோமே என்று கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் மற்றப் பெண்களுக்கு 30 வயதில் தொடங்கச் சொல்லும் இந்தப் பரிசோதனையை, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25-லேயே தொடங்கி 3 முதல் 5 வருஷத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது. எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை கிடைத்தால் அதுவே மேல். கிடைக்காத இடத்தில், நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் பஞ்சை நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாறத் தொடங்கிய செல்கள் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அந்தக் கட்டத்தில் அது இன்னும் புற்றுநோயல்ல. சூடு வைத்தோ உறைய வைத்தோ அந்தத் திட்டை அகற்றிவிட்டு, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.