வெள்ளையடிக்கும் முன் அந்தக் கறுப்பு ஒயரைக் கவனியுங்கள்

மார்கழி பிறந்தால் பொங்கலுக்கு வெள்ளையடிப்பு தொடங்கிவிடும். கூடவே "மோடத்துல சிவப்பு லைட் எரியுது" என்ற போன்களும். போய்ப் பார்த்தால் அதே காட்சிதான்: ஜன்னலோரம் அறுந்த கறுப்பு இன்டர்நெட் ஃபைபர் கேபிள், அதன்மேல் இன்சுலேஷன் டேப்.

டேப்பைப் பிரித்தால் உள்ளே இரண்டு கம்பிகளை எலக்ட்ரிக் ஒயர் மாதிரி முறுக்கிச் சேர்த்திருப்பார்கள். ஐயா, அம்மா, அந்தக் கம்பிகளில் இன்டர்நெட் வருவதில்லை! கேபிள் இழுபட்டால் தாங்குவதற்காக வைத்தவை அவை. இன்டர்நெட் வருவது அவற்றுக்கு நடுவே இருக்கும் கண்ணாடி இழையில். மேல்பூச்சை உரித்தால் அதன் தடிமன் 125 மைக்ரான். அதிலும் ஒளி ஓடும் மையம் சுமார் 9 மைக்ரான்தான். அறுந்த முனைகளின் மையங்கள் இம்மி பிசகாமல் நேருக்கு நேர் நின்றால்தான் ஒளி கடக்கும். செம்பு செம்பைத் தொட்டால் கரண்ட் ஓடும். கண்ணாடிக்கு அந்தக் கணக்கு செல்லாது. அதனால்தான் இழையை உரித்து, ஆல்கஹாலில் துடைத்து, கிளீவர் என்ற வெட்டுக் கருவியில் செங்குத்தாக வெட்டி, ஸ்ப்ளைசிங் மெஷினில் உருக்கி ஒட்டுகிறோம். ஒழுங்காக ஒட்டினால் ஒளி இழப்பு 0.1 டெசிபலுக்கும் கீழே (ஒளி எவ்வளவு குறைகிறது என்பதற்கான அளவு டெசிபல்). நீங்கள் முறுக்கி வைத்தால் அந்தப் பகுதியையே வெட்டி எறிய வேண்டியிருக்கும். மிச்ச நீளம் பற்றாவிட்டால் கம்பத்திலிருந்து புதுக் கேபிள்தான். அறுந்தால் அப்படியே விடுங்கள்.

அறுக்காமலும் கெடுக்கலாம். பெயிண்டர் கேபிளை மடித்து ஆணியில் முடிச்சுப் போட்டு ஒதுக்கியிருப்பார். மடிந்த இடத்தில் ஒளி வெளியே கசியும். 3 டெசிபல் இழந்தாலே பாதி ஒளி போச்சு. மோடத்துக்கு வரும் ஒளியை டிபிஎம் கணக்கில் அளப்போம்; மைனஸ் எண் கூடக் கூட ஒளி குறைவு. சாதாரண வீட்டு மோடம் மைனஸ் 27 டிபிஎம் வரைதான் தாங்கும். மைனஸ் 25-ல் இருக்கும் லைனில் ஒரு மடிப்பு விழுந்தால் போதும், நெட் விட்டு விட்டு வரும், பிறகு நின்றுவிடும். சுருட்டுவதென்றால் வளையம் சில்வர் டம்ளரின் வாயகலத்துக்கு, அதாவது 6, 7 செ.மீ.க்குக் குறையக் கூடாது.

ரீசெட் ஓட்டையில் குண்டூசி விடாதீர்கள். மோடத்தில் எல்ஓஎஸ் (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பில் மின்னினால் ஒளி வரவில்லை என்று பொருள். ரீசெட் செய்தால் ஒளி வந்துவிடாது. யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் (VLAN) எண் என்று நாங்கள் போட்டுவைத்த இணைப்பு செட்டிங் எல்லாம் அழிந்து, கேபிளைச் சரிசெய்த பிறகும் நெட் வராது.

மோடத்தை நகர்த்த வேண்டுமா? முதலில் அடாப்டரைப் பிடுங்குங்கள். பச்சைக் கனெக்டரை ஒயரைப் பிடித்து இழுக்காமல், தலையைப் பிடித்து நேராகக் கழற்றுங்கள். உடனே மூடி போடுங்கள். முனையை விரலால் தொடக் கூடாது, வாயால் ஊதவும் கூடாது; எண்ணெய்ப் பிசுக்கும் எச்சிலும் ஒளியை மறைக்கும். பச்சையைப் பச்சையில் மட்டும் செருகுங்கள். அதன் முனை 8 டிகிரி சாய்வாக இருக்கும், நீல நிறக் கனெக்டரில் சரியாகப் பொருந்தாது. முனைக்குள் எட்டிப் பார்த்து "லைட் வருதா" என்று சோதிக்காதீர்கள். வரும் ஒளி 1490 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர், கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

கடைசியாக ஒன்று, கெஞ்சிக் கேட்கிறேன். கேபிள் அறுந்த இடத்தில் குழந்தைகளை விடாதீர்கள். உடைந்த இழைத் துணுக்கு தோலில் ஏறினால் தேடி எடுப்பது பெரும்பாடு. கையால் பொறுக்காமல், செல்லோ டேப்பை ஒற்றி எடுத்து, மடித்து, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.