ஹீட்டர் ராடில் படியும் வெள்ளையும் பவளப்பாறையும்

கோவை, திருப்பூர் பக்கம் போர்த் தண்ணீரில் சில மாதம் ஓடிய ஹீட்டர் ராடைப் பார்த்தால், நகத்தால் சுரண்டினாலும் வராத வெள்ளை ஓடு ஒட்டியிருக்கும். உப்பு என்போம். அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்துக் கரையும். பவளப்பாறையும் இதே சரக்குதான்.

போர்த் தண்ணீரிலும் கடல் நீரிலும் கால்சியமும் பைகார்பனேட்டும் கரைந்திருக்கின்றன. ராடு சூடேறினால் கார்பன் டை ஆக்சைடு வெளியேற, சுண்ணாம்பு படிகிறது. பவளத்துக்கு ஏது ராடு? பெரும்பாலும் சில மில்லிமீட்டரே இருக்கும் பாலிப் என்ற உயிரி, தன் அடித்தோலுக்குக் கீழே உள்ள மெல்லிய இடுக்கிலிருந்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே இறைத்துவிடுகிறது. அங்கே அமிலத்தன்மை குறைந்ததும் சுண்ணாம்பு படிகமாக இறங்குகிறது. இறைக்க மோட்டாருக்குக் கரண்ட் வேண்டுமே, அதைத் தருவது பாலிப்பின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசி. பாலிப்புக்கு வேண்டிய ஆற்றலில் 90% வரை இந்தப் பாசி சமைத்துப் போடும் சர்க்கரையிலிருந்து வருகிறது. வெயில் புகும் தெளிந்த நீர் அதனால்தான் தேவை. வண்டல் மூடினால் கரண்ட் கட். (செவ்வாய்க்கென்று மோதிரத்தில் பதிக்கும் சிவப்புப் பவளம் வேறு இனம். அதற்குப் பாசியும் இல்லை, அது பாறையும் கட்டாது.)

கிளைப்பவளம் ஆண்டுக்கு 10 செ.மீ. வரை வளரும், உருண்டைப் பவளம் சுமார் 1 செ.மீ.தான். வளர்ந்ததெல்லாம் மிஞ்சாது. கிளிமீன் கடித்து அரைத்து மணலாகக் கழிக்கும், கடற்பஞ்சு துளைக்கும், அலை உடைக்கும். உடைந்த சல்லிகளைச் சுண்ணாம்புப் பாசிகள் பூசி ஒட்டுகின்றன. வரவு செலவைவிடக் கூடினால்தான் பாறை உயரும். பசிபிக்கின் எனிவெடாக் தீவில் 1952-ல் துளையிட்டபோது, சுமார் 1,400 மீட்டர் சுண்ணாம்புக்குப் பிறகுதான் எரிமலைக் கல் தட்டியது. தீவு அமிழ அமிழப் பவளம் மேலே கட்டிக்கொண்டே போகும் என்று டார்வின் 1842-லேயே சொன்னது அப்போது ருசுவானது.

கடல்நீர் வழக்கமான உச்சக் கோடை வெப்பத்தைவிட 1 டிகிரி கூடி 4 வாரம் நின்றால், பாசி நஞ்சாகும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கக்கத் தொடங்கும். பாலிப் அந்தப் பாசியைத் துரத்திவிடும். பவளம் வெளுக்கும். அது சாவு அல்ல, பட்டினி. 8 வாரம் நீடித்தால் சாவு தொடங்கும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் வெளுத்தது. கடல் கார்பன் டை ஆக்சைடைக் குடிப்பதோ எலுமிச்சைச் சாறு மாதிரி: அமிலத்தன்மை கூடக் கூட, பாலிப்புக்கு ஹைட்ரஜன் அயனியை இறைக்கும் செலவு ஏறிக்கொண்டே போகும்.

சராசரியாக அலையின் ஆற்றலில் 97% பவளப்பாறைத் திட்டிலேயே அடங்கிவிடுகிறது. மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தை வெட்டினார்கள். அலை நேராகத் தீவில் மோதியது. 21 தீவுகளில் இரண்டு மூழ்கிவிட்டன. 1986-ல் அங்கே கடல் தேசியப் பூங்கா வந்தது. 2001-ல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன, புலிக்குள்ள அதே பாதுகாப்பு.

இப்போது கிளைப்பவளத் துண்டுகளைச் சிமெண்ட் பலகையில் கட்டிக் கடலடியில் நடுகிறார்கள். துண்டு அசையாமல் இருக்க வேண்டும், வண்டல் படியக்கூடாது, அருகில் மீன் மேய வேண்டும். இல்லாவிட்டால் பலகையைப் பெரும்பாசி பிடித்துக்கொள்ளும். அத்தனையும் அமைந்து பிழைத்தாலும், அடுத்த கடுங்கோடை வந்தால் நட்டதும் சேர்ந்தே வெளுக்கும்.