ரெப்போ: மீள்கொள்முதல் வட்டி

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மும்பையில் ரிசர்வ் வங்கி ஆளுநர் பேசத் தொடங்கியதும், செய்திச் சேனல்களின் அடியில் ஒரு வரி ஓடும்: "ரெப்போ விகிதம் குறைப்பு" அல்லது "ரெப்போவில் மாற்றமில்லை". போரூரிலும் மேடவாக்கத்திலும் ஃப்ளாட் வாங்கித் தவணை கட்டுகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "நம்ம இஎம்ஐ குறையுமா?" அதற்குப் பதில் தெரிய, அந்தச் சொல்லுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல் தெரிந்திருக்க வேண்டும்.

ரெப்போ என்பது 'ரீபர்ச்சேஸ் அக்ரிமென்ட்' என்பதன் சுருக்கம். திருப்பி வாங்கிக்கொள்வதாகச் செய்யும் ஒப்பந்தம். ஒரு வங்கிக்கு இன்று அவசரமாகப் பணம் வேண்டும். தன்னிடம் உள்ள அரசுக் கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கிக்கு விற்கிறது. இன்ன நாளில், இன்ன விலைக்குத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று அப்போதே ஒப்புக்கொள்கிறது. விற்ற விலையைவிட வாங்கும் விலை சற்றே கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதல்தான் வட்டி. பெரும்பாலும் ஓரிரவுக்கோ சில நாள்களுக்கோ நடக்கும் ஏற்பாடு இது.

சவுகார்பேட்டை அடகுக்கடையில் நகையை வைத்துப் பணம் வாங்கிப் பிறகு திருப்புவது போலத்தானே என்று தோன்றும். ஏறக்குறைய அப்படித்தான், ஒரு முக்கியமான வேறுபாட்டோடு. அடகு வைத்த நகை உங்களுக்கே சொந்தம். ரெப்போவில் பத்திரம் விற்கப்படுகிறது. ரிசர்வ் வங்கிச் சட்டமும் ரெப்போவை, பத்திரத்தை விற்றுப் பணம் கடன் வாங்கும் முறை என்றே வரையறுக்கிறது. ஆகவே 'அடமான வட்டி' என்று இதைத் தமிழாக்குவது பொருந்தாது.

இந்த முறையை அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 1917இல் கையாளத் தொடங்கியது. முதல் உலகப் போர்க்கால வரிகளால் பழைய கடன் முறைகள் கட்டுப்படியாகாமல் போனதுதான் காரணம். ரிசர்வ் வங்கி 1992இல் இதைக் கொண்டுவந்தது. 2000இல் பணப்புழக்கத்தை அன்றாடம் சரிசெய்யும் வசதி முழுமையாக அமைந்தபோது ரெப்போ அதன் நடுத்தூணாயிற்று. பழைய கட்டுரைகளைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2004 அக்டோபர் வரை இந்தியாவில் பெயர்கள் தலைகீழாக இருந்தன. ரிசர்வ் வங்கி வங்கிகளிடமிருந்து பணத்தை உறிஞ்சுவதே அப்போது ரெப்போ. பணம் கொடுப்பது ரிவர்ஸ் ரெப்போ. அந்த மாதம் 29 முதல்தான் உலக வழக்கப்படி மாற்றினார்கள்.

தமிழில் எப்படிச் சொல்வது? நம் நாளிதழ்கள் 'வங்கிகளுக்கான குறுகிய காலக் கடன் வட்டி விகிதம்' என்று விளக்கி எழுதுகின்றன. பொருள் விளங்குகிறது, ஆனால் அது விளக்கம், பெயர் ஆகாது. இலங்கைத் தமிழில் 'மீள்கொள்வனவு' என்கிறார்கள். அழகான, துல்லியமான சொல். இங்கே 'கொள்முதல்' பழகிய சொல்லாகையால் 'மீள்கொள்முதல்' என் காதுக்கு இன்னும் நெருக்கம். அடுத்து, 'விகிதமா' 'வீதமா'? விகிதம் இரண்டு அளவுகளை ஒப்பிடுவது; நூற்றுக்கு இவ்வளவு என்பது வீதம். எனவே 'மீள்கொள்முதல் வட்டி வீதம்' என்பதே சரி என்று நினைக்கிறேன். பேச்சில் 'ரெப்போ வட்டி' போதும். ரிவர்ஸ் ரெப்போவை 'எதிர் மீள்கொள்முதல்' எனலாம். தவணை தவறிய வண்டியை 'சீஸ்' செய்வதையும் ஆங்கிலத்தில் ரெப்போ என்பார்கள். அது 'ரீபொசஷன்' என்பதிலிருந்து வந்த வேறு சொல்.

இந்த வட்டியை முடிவு செய்வது 2016இல் அமைந்த ஆறு பேர் கொண்ட நாணயக் கொள்கைக் குழு. விலைவாசி உயர்வை 4 சதவீதத்தை ஒட்டி, கூடினால் 6, குறைந்தால் 2 என்ற எல்லைக்குள் வைத்திருப்பது அதன் கடமை. விலை ஏறினால் ரெப்போவை உயர்த்துகிறது. கடன் வாங்குவதும் செலவு செய்வதும் குறையும் என்பது கணக்கு. 2020 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2022 மே மாதத்திலிருந்து படிப்படியாக ஏறி, 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. 2025இல் நான்கு முறை குறைந்து 5.25க்கு வந்தது.

இந்த ஏற்றம் வீட்டுக்குள் வந்த விதம்தான் என்னை வருத்துகிறது. 30 லட்சம் ரூபாய், 20 ஆண்டு, 7 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 23,260 ரூபாய். தொடக்கத்திலேயே வட்டி 8 ஆகி, தவணை அப்படியே இருந்தால், கடன் முடிய 240 மாதத்துக்குப் பதில் 296 மாதம் ஆகும். 9 ஆனால் 458 மாதம், அதாவது 38 ஆண்டு! வங்கிகள் பல இடங்களில் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டின. மாதம் போகும் பணம் மாறவில்லை என்பதால் கடன்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் கட்ட வேண்டிய கடன் சத்தமில்லாமல் உருவாகிவிட்டது. 2023 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டு, தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்காரரைக் கேட்டே செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரு பகுதியை முன்கூட்டியே கட்டவும் வழி வைத்தது.

ரெப்போ குறைந்தால் எல்லாருக்கும் நல்லது என்பதும் இல்லை. மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் வைப்புத்தொகை வட்டியை நம்பி மருந்து வாங்கும் பெரியவர்கள் எத்தனையோ பேர். போட்ட வைப்பு முதிரும்வரை பழைய வட்டி கிடைக்கும். புதுப்பிக்கும்போதுதான் வருமானம் குறைந்தது தெரியும்.

2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டாயம் இணைக்கப்பட்டவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அவற்றின் வட்டி மாற்றியமைக்கப்பட வேண்டும். அதற்கு முன் வாங்கிய கடன் பழைய முறையிலேயே தொடரக்கூடும். வீட்டுவசதி நிதி நிறுவனங்களை இந்த விதி கட்டுப்படுத்தாது. உங்கள் கடன் எதைச் சேர்ந்தது என்பது கடன் ஒப்பந்தத்தில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, மீதி எத்தனை மாதம் என்பதையும் கிளையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.