உயிலைப் பதிவு செய்தாலும் சாட்சி வேண்டும்

உயில் எழுத முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளே போதும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதும் கட்டாயமல்ல. முஸ்லிம் அல்லாதவர்களின் உயிலுக்குச் சட்டம் விட்டுக்கொடுக்காமல் கேட்பது இரண்டு சாட்சிகளை.

1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 63-வது பிரிவு: உயில் எழுதுபவர் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பதை ஒவ்வொரு சாட்சியும் பார்த்திருக்க வேண்டும், அல்லது ‘இது நான் வைத்ததுதான்’ என்று அவரே சாட்சியிடம் சொல்லியிருக்க வேண்டும். சாட்சியும் அவர் கண்ணெதிரே கையெழுத்திட வேண்டும். பெரியவர் கையெழுத்துப் போட்டதும் மகன் தாளை எடுத்துக்கொண்டு தெருவில் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி வந்தால் அந்த உயில் நிற்காது.

பதிவு செய்துவிட்டால் கவலையில்லை என்று பலர் நம்புகிறார்கள். பதிவால் உயில் தொலையாது, தாளை மாற்ற முடியாது, அவ்வளவுதான். வழக்கு வந்தால், சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு, வரக்கூடிய நிலையில் இருக்கும்வரை, அவரை நீதிமன்றத்தில் விசாரித்தே உயிலை நிரூபிக்க முடியும். மற்ற பத்திரங்களுக்குப் பதிவு தரும் சலுகை உயிலுக்கு இல்லை. ஆகவே 75 வயதுக்காரர் தன் வயது நண்பர்களைச் சாட்சி போடவைப்பது வீண்வேலை. வயதில் இளையவர்களாக, எளிதில் கண்டுபிடிக்கக்கூடியவர்களாக வேண்டும். ஒருவர் மருத்துவராக இருந்தால் எழுதியவரின் புத்தித்தெளிவுக்கும் அவரே சாட்சி.

சொத்து பெறுபவர் சாட்சியாக வேண்டாம். கிறிஸ்தவர் உயிலில் அப்படிச் செய்தால் அந்தச் சாட்சிக்கும் அவருடைய கணவன் அல்லது மனைவிக்கும் எழுதிய பங்கு போய்விடும். பங்கு போகும் இந்த விதி இந்துக்களுக்குப் பொருந்தாது. ஆனால் எதிர்த்தரப்பு சந்தேகம் கிளப்ப அதுவே போதும்.

பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும். முஸ்லிம்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. வாரிசுக்கே எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும்.

நிலத்துக்குச் சர்வே எண், உட்பிரிவு, நான்கு எல்லை, கிரயப் பத்திர எண் எல்லாம் வரட்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் அந்த இடத்திலேயே எழுதுபவரும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். தேதியை விடாதீர்கள்: பிந்தைய உயிலே செல்லும், முந்தையது பதிவானதாக இருந்தாலும். கடைசியில் ‘இதில் சொல்லாத மற்றச் சொத்துகள் இன்னாருக்கு’ என்று ஒரு வரி சேருங்கள். அது இல்லாவிட்டால், உயிலுக்குப் பின் வாங்கிய மனை உயில் எழுதாத சொத்தாகி எல்லா வாரிசுகளுக்கும் பிரியும்.